ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்கதவு

போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், பாலித்தீன் உறையில், வாரண்டி கார்டோடு சேர்ந்து. அதை எழுதுவது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. முதலில் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியிலும், பிறகு சென்னை ஓஎம்ஆர் சாலையில் சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் அந்த வேலையைத்தான் செய்தேன். இப்போது இன்ஜினியரிங் கல்லூரிகளில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். டெக்னிக்கல் ரைட்டர் என்பது பதவியின் பெயர். எங்கள் சொந்தக்காரர்கள் பல வருஷம் அதை டைப்பிங் வேலை என்றே நம்பினார்கள். நான் திருத்தப் போகவில்லை. டைப் அடிக்கிற நேரமும் அதில் நிறையத்தான்.

பம்ப் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பது. ஏற்றுமதி ஆர்டர்கள் வர ஆரம்பித்திருந்த நேரம். "இங்கிலீஷ் நல்லா எழுதற பொண்ணு" ஒன்று தேவைப்பட்டது. பழைய மேனுவலைக் கையில் கொடுத்து, "கிராமர் மட்டும் பாத்துக் குடுத்துருங்க" என்றார்கள். பார்த்தேன். கிராமர் ஒன்றும் மோசமில்லை.

நிறுவனரின் வாழ்த்துரையோடு தொடங்கியது அந்தப் புத்தகம். அடுத்து தரச்சான்றிதழ்கள், மாடல் பட்டியல், எத்தனை மீட்டர் ஆழத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் வரைகோடுகள், உதிரிபாகப் படம். நடுவில் எங்கோ மோட்டார் இறக்கும் முறை. கடைசிப் பக்கத்தில் 'பொது எச்சரிக்கைகள்' என்று நெருக்கமாக அச்சடித்த ஒரு பட்டியல். 'மோட்டாரில் சுத்தமான தண்ணீர் நிரப்பப்பட்டிருப்பது உறுதி செய்யப்பட வேண்டும்' என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. யார் நிரப்ப வேண்டும், எந்தத் துளை வழியாக, எப்போது? 'ஸ்விட்சைப் போடவும்' என்று சொல்லி முடித்துப் பல பக்கம் தாண்டி இந்த வரி வந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சப்மெர்சிபிள் மோட்டாரில் ஒரு வகை உள்ளே எண்ணெய் நிரப்பி வரும். இன்னொரு வகைக்குத் தண்ணீர். தண்ணீர் வகையில் பேரிங்குகளுக்கு அந்தத் தண்ணீர்தான் வழவழப்பு, சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். நிரப்பாமல் இறக்கினால் மோட்டார் ஓடும். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். அப்புறம் போர்வெல்லிலிருந்து அத்தனை குழாயையும் உருவி, மோட்டாரை மேலே எடுத்து, கம்பெனிக்கு அனுப்புவார்கள். எங்கள் சர்வீஸ் ஷெட்டில் அப்படித் திரும்பி வந்த மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருக்கும். வார்னிஷ் வாசனையும் கருகிய காயில் வாசனையும் கலந்து அடிக்கிற இடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே போய் கம்ப்ளெயின்ட் ரிஜிஸ்டரைப் புரட்டுவேன். கிராமர் பார்க்கிற பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி வகுப்பு.

டிசைன் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். தங்கமான மனிதர், கோபமே வராது. "மேனுவல்ல கடைசிப் பக்கத்துல இருக்கே" என்றார். "படிக்காதது அவங்க தப்பு." வாரண்டி மறுக்கிற கடிதத்திலும் அதே பக்க எண்தான் இருக்கும். அந்த வரி எதற்காக அச்சாகியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மோட்டாரைக் காப்பாற்றுகிற வேலை அதற்கு இல்லை. கம்பெனியைக் காப்பாற்றவே அது அங்கே இருந்தது. உலகத்தில் அச்சாகும் மேனுவல்களில் பாதி இப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவதற்கான காகிதம்.

சர்வீஸ் பிரிவில் ஒரு மூத்த பிட்டர் இருந்தார். அவரோடு அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அனுமதி வாங்கவே இழுத்தடித்தார்கள். பெண்பிள்ளை எதற்கு, வெயில் எதற்கு, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று ஆயிரம் கேள்வி. போகிற வழியில் ஜீப்பில் அவர் சொன்னது: "இதையெல்லாம் யாருங் அம்மணி படிக்கறாங்க? வாரண்டி கார்டு பீரோவுக்குப் போயிரும். பொஸ்தகம் சாமி படத்துக்குப் பின்னால போயிரும்."

"நீங்க படிச்சிருக்கீங்களாண்ணா?"

"நமக்கெதுக்குங்?"

தோட்டத்தில் அவர் செய்ததையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தது. அடுத்ததாக, பம்ப்போடு இணைக்கும் முன்பே, மோட்டாரை நிமிர்த்தி வைத்து பிளக்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினார். குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தார். ஒரு பீடி நேரம். மோட்டாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டினார். இன்னும் குமிழி வந்தது. மறுபடி ஊற்றினார். "அவசரப்பட்டா உள்ள காத்து நின்னுக்கும்" என்றார். எங்கள் மேனுவலில் இந்தக் காத்திருப்பு இல்லவே இல்லை. ஒயர் ஜாயின்ட்டுக்கு முதலில் ரப்பர் டேப், மேலே பிவிசி டேப். சுற்றி முடித்த ஜாயின்ட்டை வாளித் தண்ணீரில் முக்கி வைத்து மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்தார். கிணற்றுக்குள் போன பிறகு ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தால் எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்ற வேண்டுமே, அதனால்.

செயின் பிளாக்கில் ஒவ்வொரு குழாயாக இறக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் வந்தது. தோட்டக்காரர் சந்தோஷமாகக் கையைக் கழுவப் போனார். இவர் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பத்தாது" என்றார். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டு, மறுபடி போட்டார். தண்ணீர் வேலி வரை பீய்ச்சியது. முதல் தடவை மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. மும்முனை மின்சாரத்தில் எந்த இரண்டு ஃபேஸை மாற்றினாலும் சுழற்சி திரும்பிவிடும். தலைகீழாகச் சுற்றினாலும் பம்ப் கொஞ்சம் தண்ணீர் தரும் என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம். தெரியாதவர், ஊற்று குறைவு போலிருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுவார். ரிஜிஸ்டரில் 'தண்ணீர் கம்மி' என்று பதிவாகியிருந்த புகார்களில் பல எதனால் வந்தன என்று அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு ஒயரை மாற்றும்போது அவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டார். ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த கனெக்ஷன் படம். யாரும் மேனுவல் படிப்பதில்லை என்று சொன்ன அதே ஆள். பார்த்து முடித்த பிறகு சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, படத்துக்குக் கீழே அன்றைய தேதி, அமீட்டர் காட்டிய ஆம்பியர், எத்தனை குழாய் இறங்கியது, தன் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதினார். அந்தக் கதவில் ஏற்கெனவே வேறு யாரோ எழுதிய பழைய கணக்கும் இருந்தது. அடுத்து வருகிற பிட்டர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். கை ஈரமாயிருந்தாலும் படிக்கலாம், தேட வேண்டாம், தொலையாது. நான் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது அவர் ஒன்று கேட்டார். "கண்டென்சர் போட்டு ஓட்டறதப் பத்தி எழுதுவீங்ளா?"

தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம். ஆனால் மும்முனை வருகிற நேரம் அளவாகத்தான் இருந்தது. மிச்ச நேரம் இருமுனை. பயிர் காய்ந்தால் விவசாயி அதற்காகக் காத்திருக்க மாட்டார். கண்டென்சர் வைத்து இருமுனையிலேயே மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டுவார். மின்வாரியம் கூடாது என்றது. கம்பெனி வாரண்டி கிடையாது என்றது. கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஓடியது. காயில் சூடேறிப் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். அளவு தெரியாமல் போட்ட கண்டென்சர் சீக்கிரமே மோட்டாரைத் தின்றுவிடும் என்பதும் பிட்டர்கள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது உடனே நிறுத்த வேண்டும் என்று அவரவர் கைக்கணக்கு ஒன்று இருந்தது. அதை எழுதலாமா என்று நான் கம்பெனியில் கேட்டேன். எழுதினால் நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. படிக்கிறவருக்கு அதிகம் வேண்டியது எதுவோ அதைத்தான் அச்சடிக்க விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் எங்கே போனாலும் இது கூடவே வந்தது.

தண்ணீர் நிரப்பும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜெயித்தேன். நிரப்பும் பிளக்கிலேயே ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடலாம் என்றேன். படம் பெரிதாக, எழுத்து நாலே வரி, அட்டையைக் கழற்றினால்தான் பிளக்கில் கை வைக்க முடியும். பர்ச்சேஸ் பிரிவில் கயிற்றின் விலைக்காக வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கட்டினார்கள். அந்த வகைப் புகார் குறைந்ததாகச் சர்வீஸ் ஷெட்டில் சொன்னார்கள். எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அட்டைக்கு அப்போது கிராமர் பார்க்கவும் யாரும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து ஜான் கரோல் எழுதியதைப் படித்தபோது எனக்கு அன்னூர்த் தோட்டம்தான் கண்முன் வந்தது. 1980களில் ஐபிஎம் ஆராய்ச்சி மையத்தில் அவரும் கூட்டாளிகளும், அலுவலக ஊழியர்கள் புதிய வேர்ட் பிராசஸரைக் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருந்த பயிற்சிப் புத்தகத்தை யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. நேராக வேலையில் இறங்கினார்கள், சிக்கிக்கொண்டார்கள், சிக்கிய இடத்தில் மட்டும் புத்தகத்தைத் தேடினார்கள். தலையில் புனல் வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்று பழைய ஜெர்மன் கேலி ஒன்று உண்டு. அதன் பெயரையே வைத்து, 'நூரெம்பெர்க் ஃபன்னல்' என்று 1990இல் புத்தகம் போட்டார். முன்னுரைகளை வெட்டு, செய்கிற வேலையிலிருந்து தொடங்கு, தப்பு நடந்தால் மீள்கிற வழியைக் கூடவே சொல். அவர் சொன்னதன் சாரம் இதுதான். எங்கள் பிட்டருக்கு ஐபிஎம் தெரியாது.

சென்னைக்கு வந்த பிறகு பேர் பெரிதானது, சம்பளமும். ஃப்ரேம்மேக்கர், ரோபோஹெல்ப் என்று கருவிகள். 2005இல் 'டிட்டா' என்ற தரநிலை வெளியானது. ஐபிஎம்மில் பிறந்த முறை அது. எழுதுவதையெல்லாம் விளக்கம், செய்முறை, குறிப்பு என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் வேண்டிய துண்டைச் சேர்ப்பது. நல்ல முறைதான். ஆனால் கருவியைக் கற்றுக்கொண்டதையே தொழிலைக் கற்றுக்கொண்டதாக நினைக்கிற ஒரு தலைமுறையை அது உண்டாக்கியது. நேர்காணலுக்கு வருகிறவரிடம் எந்தெந்தக் கருவி தெரியும் என்று அரை மணி நேரம் கேட்பார்கள். யாராவது ஒருவர் அந்தச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவதை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்க மாட்டார்கள்.

டெவலப்பரிடமிருந்து தகவல் வாங்குவது தனிக்கலை. "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் அவர் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, நமக்குத் தேவையில்லாத அத்தனையும் சொல்வார். இல்லையென்றால், "செல்ஃப் எக்ஸ்ப்ளனேட்டரிதானே மேடம்" என்று எழுந்துவிடுவார். எனக்குக் கை கொடுத்தது வேறு கேள்வி: "இங்க தப்பா ஒண்ணு போட்டா என்ன ஆகும்?" முகம் மாறிவிடும். "அய்யோ, அதைப் போடக் கூடாது" என்பார். ஏன், போட்டால் என்ன வரும், வந்தால் எப்படித் திரும்புவது? நான் எழுத வேண்டியது முழுக்க அந்த 'அய்யோ'வுக்குப் பிறகுதான் வரும். டெஸ்டிங் பிரிவில் இருப்பவர்களை நான் இன்னும் அதிகமாக நம்பினேன். அவர்கள் உடைத்துப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

பிழைச்செய்திகளை எழுதுவதில் ஜூனியர்களுக்கு ஆர்வம் வராது. அவர்களுக்கு நான் தெராக்-25 கதையைச் சொல்வேன். கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985க்கும் 1987க்கும் நடுவில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. மூலகாரணம் சாஃப்ட்வேரில். நான் சொல்ல வருவது அதன் பக்கத்தில் இருந்த ஒரு காகிதத்தைப் பற்றி. 1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியது. இயக்கியவரிடம் இருந்த மேனுவலில் அந்த எண்ணுக்கு விளக்கமே இல்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் 'டோஸ் இன்புட் 2' பிழை என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இயந்திரம் இப்படி அடிக்கடி எதையாவது காட்டி நிற்பது வழக்கம். தொடர்வதற்கு ஒரே ஒரு விசை. அழுத்தினார். நோயாளிக்கு இரண்டாவது முறையும் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். பக்கவாட்டில் தாள் ஒட்டலாம் என்று யோசித்தவர் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். ஆனால் அதில் எழுதியது இயந்திரத்தைக் கட்டியவருக்குப் புரிகிற பேச்சு.

விட்டுவிடுவதும் எழுத்துதான். போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் எம்காஸ் என்ற ஏற்பாட்டை, விமானிகளின் கையேட்டில் சேர்க்காமல் விட்டுவிட 2016இல் கம்பெனி கேட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சம்மதித்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அந்த ஏற்பாட்டின் பெயரையே விமானிகள் பலர் அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். கண்டென்சரைப் பற்றி எழுத விடாத எங்கள் கம்பெனியை இதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து "இதைச் சேர்க்க வேண்டாம்" என்று சொல்கிற குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நிதானமாக, மரியாதையாக இருக்கும்.

விமானப் பராமரிப்புத் துறையிலிருந்து வந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குகளுக்காக அவர்கள் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். 1980களில் தொடங்கியது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே வேலை. அந்த அளவுகோலைத் தமிழில் வைத்துப் பார்த்தபோது நம் மொழி சில இடங்களில் தானாகவே பாதுகாப்பானது என்று கண்டேன். 'மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறக்கவும்.' தமிழில் முதலில் செய்வது முதலில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு அப்புறம் மெயினைப் பற்றிப் பேச முடியும், பேசுகிறார்கள். தமிழில் ஆபத்து வேறு மாதிரி வரும். வினைச்சொல் கடைசியில் இருப்பதால் வாக்கியம் நீண்டால் என்ன செய்வது என்பதே தெரியாமல் படித்துக்கொண்டு போக வேண்டும். போதாததற்கு நாம் 'உறுதி செய்யப்பட வேண்டும்' என்று முடிப்போம். பம்ப் கம்பெனியில், ஏற்றுமதிக்கு அனுப்பும் புத்தகத்திலேயே கடைசி நாலு பக்கம் தமிழ் என்று ஒரு காலத்தில் போட்டார்கள். ஏஜென்சியில் கொடுத்து மொழிபெயர்த்தது. பிட்டர் அதைப் படித்துவிட்டு, "இங்கிலீஷே தேவலைங்" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய வயதில்லை. கம்ப்யூட்டருக்கென்று எழுதிய முதல் மேனுவல் என்று பைனாக் இயந்திரத்துக்கு ஜோசப் சாப்லின் 1949இல் எழுதியதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1953இல் டெக்னிக்கல் ரைட்டர்களுக்குச் சங்கம் அமைந்தது, எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் கடன் தாங்காமல் மூடிவிட்டது. செய்தி கேட்டு ஒரு நாள் வருத்தப்பட்டோம். மறுநாள் ரிலீஸ் இருந்தது.

பாடமாக இது அதைவிடப் பழையது. டஃப்ட்ஸ் கல்லூரியில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுத்த சாமுவேல் சாண்ட்லர் ஏர்ல் 1911இலேயே பாடப்புத்தகம் எழுதிவிட்டார். இந்தப் பாடம் ஆங்கிலத் துறைக்குச் சொந்தமா, இன்ஜினியரிங் துறைக்குச் சொந்தமா என்ற வழக்கும் அந்தக் காலத்துச் சரக்குதான். நம் ஊரில் அது ஆங்கிலத் துறையிடம் வந்து சேர்ந்தது. முதலாண்டில் டெக்னிக்கல் இங்கிலீஷ். பரீட்சையில் ஏதாவது ஒன்றைப் பற்றி எட்டு அறிவுறுத்தல்கள் எழுதச் சொல்வார்கள், இல்லையென்றால் எட்டுப் பரிந்துரைகள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறிவுறுத்தல் என்றால் வினைச்சொல்லில் தொடங்கு, பரிந்துரை என்றால் 'ஷுட்' போடு. இரண்டு மாதிரியையும் மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். ஏன் எட்டு? ஆறிலேயே வேலை முடிந்துவிட்டால்? எட்டாவதாக 'எப்போதும் கவனமாக இருக்கவும்' என்று ஒன்று சேர்ப்பார்கள். திருத்துகிறவரும் மார்க் போடுவார். அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது பேர் வகுப்பு, கட்டுக்கட்டாக விடைத்தாள், இயந்திரம் எதையும் தொட்டுப் பார்க்க வழியில்லை. லேப் சாவி வேறு துறையிடம்.

நான் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சாவியை வாங்குவேன். பயிற்சி மிகவும் சின்னது. ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. பேட்டரியின் வோல்டேஜைப் பார்ப்பதற்குச் செய்முறை எழுத வேண்டும். எழுதியதை இதற்குமுன் மீட்டரைத் தொடாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். சிவில் மாணவர்கள் இதற்கு அருமையாகப் பயன்படுவார்கள். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

போன வருஷம் ஒரு எலக்ட்ரிகல் மாணவன் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். மூன்றாவது வரி: ப்ரோப்களை மீட்டரில் இணைக்கவும். மீட்டரில் துளை மூன்று. கறுப்பைப் பொதுத் துளையில் சரியாகச் சொருகிய சிவில் மாணவன், சிவப்பை 10 ஆம்பியர் என்று போட்டிருந்த துளையில் சொருகினான். பெரிய எண்ணாக இருந்ததால் அதுதான் முக்கியமானது என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னான். டயலை மட்டும் வோல்ட்டில் சரியாக வைத்தான், ஏனென்றால் அது எழுதியிருந்தது. பேட்டரியில் வைத்தான். மீட்டரில் ஒன்றும் வரவில்லை. ஆம்பியர் துளைக்குள் கிட்டத்தட்ட வெறும் கம்பிதான் இருக்கிறது. பேட்டரி நேராக ஷார்ட் ஆகிக்கொண்டிருந்தது. எழுதியவன் துடித்துப்போனான்.

"மேம், அவன் தப்பாச் சொருகிட்டான்!"

"நீ எழுதுனதைத்தான் செஞ்சேன்" என்றான் மற்றவன், ப்ரோப்பை எடுக்காமலே. பிறகு, "டேய், பேட்டரி சுடுதுடா."

நான் ப்ரோப்பை எடுக்கச் சொன்னேன். எழுதியவன் தாளை வாங்கி, சிவப்பு எந்தத் துளை, கறுப்பு எந்தத் துளை என்று சேர்த்தான். அத்தோடு தப்பான துளையில் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி. அந்த வரியை எங்கே வைப்பது என்று அவனே யோசித்து, சொருகச் சொல்லும் வரிக்கு முன்னால் வைத்தான். எச்சரிக்கை செயலுக்கு முன்னால் வர வேண்டும் என்று தரநிலைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை நான் அந்த வகுப்பில் சொல்லித்தரவே இல்லை.

இப்போது மாணவர்கள் முதல் பிரதியை ஏஐயிடம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தடுப்பதில்லை. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு எழுதச் சொல்லி நானே கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் நிரப்புவதைச் சரியான இடத்தில் வைத்திருந்தது, எங்கள் பழைய புத்தகத்தைவிட மேல். கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றி யாரும் அச்சில் எழுதியதில்லை என்றால் அதற்கு மட்டும் எங்கிருந்து தெரியும்?

அந்த விஷயத்தை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். தாராபுரம் பக்கம், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. செமஸ்டர் முடிவில் சொந்தமாக ஒரு கையேடு எழுதித் தர வேண்டும். அவன் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். இருமுனையில் மோட்டாரை எப்போது போடவே கூடாது, போட்டுவிட்டால் எதைக் கவனிக்க வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைக்க வேண்டும் என்று. நடுவில் கண்டென்சர் மின்னோட்டத்தை என்ன செய்கிறது என்று நீளமாக ஒரு பத்தி, படத்தோடு. கீழே சிவப்பு மையில், 'இதைப் படிக்கப் போவது உங்கள் அப்பாவா, பிட்டரா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"அம்மா மேம்" என்றான். "அப்பா திருப்பூர்ல கம்பெனிக்குப் போறாரு. ராத்திரி கரன்ட் வந்தா எந்திரிச்சுப் போய் மோட்டார் போடறது அம்மாதான்."

அடுத்த வாரம் மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். மின்னோட்டப் பத்தி போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற அளவுக்கு எழுத்துப் பெரிதாகியிருந்தது. 'அமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால்' என்று இருந்த இடத்தில், கோட்டை அம்மாவுக்காக மீட்டர் கண்ணாடி மேலேயே நெயில் பாலிஷில் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்கச் சொல்லித் துறைத்தலைவர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். 2 மார்க் குறைத்தேன்.